குருசடிக்கு முன்னால் பதினாறு கட்டம்

ஊர்காவற்றுறை
06.03.1989

தங்கச்சி ஜசிந்தா,

நாங்கள் இருக்கிறோம். நீ சுகமோ என்று கேட்டுத் தொடங்க எனக்கு முகம் இல்லை. ஐந்து வருஷம் கேட்காதவன் இன்றைக்குக் கேட்டால் நீ சிரிப்பாய். ஆனபடியால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வருஷம் கோயில் பாண்டுக்கு என்னைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். எனக்கு ஒரு குழலையும் ஊதத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். கயிறும் வள்ள ஆணியும் பெயின்ற்றும் விற்கிறவனுக்குப் பாண்டில் என்ன வேலை என்று உன் மச்சாள் மரியநாயகியும் கேட்டாள். வேலை இருக்கிறது. இரண்டு வருஷமாகப் பெருநாளுக்குச் சுரூபம் வைத்த கூடு வெளியே வரவில்லை. நான்தான் பட்டாளக் காம்புக்கு நடந்து நடந்து, மேஜரிடம் பேசி, இந்த முறை கூடு சுற்ற உத்தரவு எடுத்திருக்கிறேன். என் மகன், உன் மருமகன் எமில் இப்போது முதல் கோர்னெற் வாசிக்கிறான். நெஞ்சு முட்ட ஊதுவான்.

சிக்கல் இதுதான். ஷெல் விழுந்து பாண்ட் அறையின் ஓடு போய், மாரி மழை முழுவதும் பாண்ட் அலுமாரிக்குள் இறங்கிவிட்டது. பாண்ட் பழக்கிய செபமாலை மாஸ்ரர் ஆளுக்கொன்றாக எழுதி வைத்த தாள்கள் கூழாகிவிட்டன. மாஸ்ரரும் இப்போது இல்லை. எல்லா வாத்தியமும் ஒன்றாக எழுதிய பெரிய கொப்பி மட்டும் பங்குச் சுவாமியின் மேசையில் கிடந்து தப்பியது. யாழ்ப்பாணத்தில் அதைப் போட்டோக்கொப்பி எடுத்து இதனுடன் அனுப்புகிறேன்.

நீ லண்டனில் பாட்டுக்கொப்பி அச்சடிக்கிற கடையில் கொம்பியூட்டரில் வேலை செய்கிறாயாம். கடைக்குக் கயிறு வாங்க வந்த மேரிஜோசப்பின்தான் சொன்னாள். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாகப் பிரித்து அச்சடித்து அனுப்ப ஏலுமோ? பெருநாள் யூன் நடுவில். ஏலாது என்றால் உடனே எழுது, வேறு வழி பார்க்க வேண்டும்.

மனுவேற்பிள்ளை


லண்டன்
30.03.1989

அண்ணை,

உறையின் மேல் உங்கள் கையெழுத்தைக் கண்டதும் வீட்டில் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்து, பிரிக்காமலே வேலைக்குக் கொண்டு போனேன். மதியம்தான் பிரித்தேன். பாண்டுக்குத் தாள் வேண்டுமாம்! நான் சிரித்ததைப் பார்த்து மற்றப் பெண்கள் என்ன என்று கேட்டார்கள். என்னத்தைச் சொல்ல?

ஏலும். செய்கிறேன். ஐந்து வருஷத்துக்குப் பிறகு நீங்கள் கேட்ட முதல் காரியம்.

இங்கே வேலை எப்படி என்றால், சின்னத் திரையில் ஐந்து கோடு கிடக்கும். கையில் ஒரு சின்னச் சாமான், அதற்கு எலி என்று பெயர். அந்த எலியை நகர்த்தி ஒவ்வொரு சுரமாகக் கோட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும். இரவிலே எலியோடுதான் குடித்தனமோ என்று என் வீட்டுக்காரர் இராசநாயகம் பகிடி பண்ணுவார். கடை பூட்டிய பிறகு முதலாளி எனக்கு ஒரு மணித்தியாலம் விடுகிறார், அதில் உங்கள் வேலை நடக்கிறது.

கோர்னெற் பக்கம் முடிந்துவிட்டது. அதில் ஒரு கேள்வி. கடற்கரையில் குருசு நிற்கிற குருசடிக்கு முன்னால் பாண்ட் நின்றுவிடுமே, கடலில் போனவர்களுக்காகச் சுவாமி செபம் சொல்லி முடிக்கும் வரைக்கும்? சின்ன மேளம் மட்டும் மெல்லத் தட்டும். அந்த இடம் மாஸ்ரரின் கொப்பியில் பதினாறு வெறுங் கட்டம், கட்டத்துக்கு நாலு தட்டு. நாங்கள் பாடற்குழுவில் நிற்கும்போது அந்த அமைதிக்குள் கடல் சத்தம் கேட்கும், எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒன்றும் எழுதாத கட்டத்தின் நடுவில் இந்த இயந்திரம் தானாகவே, ஊதாமல் நில் என்கிற ஓர் ஓய்வுக் குறியைத் தொங்கவிடுகிறது. அப்படியே விட்டால் ஒவ்வொருவரின் தாளிலும் வரி வரியாக ஓய்வுக் குறிதான். பெரிய குழல்காரருக்கு அந்த இடம் மட்டுமல்ல, பக்கத்தில் பாதி இதுதான். இல்லையென்றால் எல்லாவற்றையும் ஒரே கட்டமாக அமுக்கி, ஒரு தடித்த கோடு போட்டு, மேலே 16 என்று இலக்கம் போடலாம். இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

எது வேண்டும்? மச்சாளைக் கேட்டதாகச் சொல்லுங்கள். எமில் மீசை வைத்திருக்கிறானோ?

ஜசிந்தா


ஊர்காவற்றுறை
22.04.1989

ஜசிந்தா,

அமுக்கிப் போடு. இதற்கும் ஒரு கேள்வியோ? வெறும் காற்றுக்கு ஏன் முத்திரை ஒட்டுகிறாய்? கடையில் நான் காலிப் போத்தலுக்கே இடம் கொடுப்பதில்லை.

வேறு காரணமும் உண்டு. நீ பாடற்குழுவில் நின்றவள், பாண்டுக்காரர் எப்படி நடப்பார்கள் என்று கவனித்திருக்க மாட்டாய். இவர்களிடம் தாள் வைக்கிற கம்பி கிடையாது. ஒருவனுடைய தாளை அவனுக்கு முன்னால் நடக்கிறவனின் முதுகில் ஊசி குத்தி வைத்துத்தான் வாசிப்பார்கள். ஒரு முதுகுக்கு ஒரு தாள். இரண்டாம் தாள் வந்தால் நடக்கிற நடையில் புரட்டுவது யார்? ஆனபடியால் ஆளுக்கு ஒரு தாளுக்குள் அடக்கு.

இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன். குருசடிக்கு நேர் எதிரே இப்போது காம்பின் சென்றிக் காவலரண் இருக்கிறது. மண்மூட்டைக்கு மேலால் துவக்கு குருசைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறது. நான் மேஜருக்கு முழுவதையும் விளங்கப்படுத்தியிருக்கிறேன். எந்த இடத்தில் வாசிப்போம், எந்த இடத்தில் நிற்போம், குருசடியில் சத்தம் இல்லாமல் செபம் மட்டும் என்று. அவர் எழுதி எடுத்துக்கொண்டு, "சொன்னபடி நடந்தால் எங்களுக்கு ஒன்றும் இல்லை" என்றார். நேரே பேசுகிற மனிதர். எனக்கு அப்படிப்பட்டவர்களோடு பேசுவது லேசு.

எமிலுக்கு மீசை என்று ஏதோ இருக்கிறது. மரியநாயகி உன் கடிதத்தை வாங்கி வாசித்துவிட்டுக் குசினிக்குள் போனவள், வெகுநேரம் வெளியே வரவில்லை.

அந்த ஆளின் பகிடிகளை எனக்கு எழுதாதே.

மனுவேற்பிள்ளை


லண்டன்
18.05.1989

அண்ணை,

தாள்கள் இதனுடன் வருகின்றன. ஆளுக்கு ஒன்று. நனைந்தாலும் ஊறாத கடதாசி, முதலாளி தந்தார்.

தடித்த கோட்டைக் கண்டால் மேலே உள்ள இலக்கம் முடியும்வரை மனதுக்குள் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லுங்கள். நாலு நாலாக, பதினாறு தரம். கொப்பியில் மாஸ்ரர் கட்டங்களைத் திறந்தே எழுதியிருக்கிறார். அவர் வீணுக்கு எழுதுகிறவர் இல்லை என்று எனக்கு மனம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் நீங்கள் தலைவர், நீங்கள் சொன்னபடி செய்திருக்கிறேன். வாசித்துப் பழகாமல் வீதிக்குக் கொண்டு போகவேண்டாம் அண்ணை.

"அந்த ஆள்" என்கிறீர்கள். பரவாயில்லை. அவர்தான் இந்தப் பொதியைக் கட்டித் தபால் கந்தோருக்குக் கொண்டு போகிறார். வேலணைக்காரன், கும்பிடுகிற கோயில் வேறு, உங்களைக் கேட்காமல் கட்டினேன் என்பது தவிர அவர்மீது உங்களுக்கு வேறு குறை இருந்தால் எழுதுங்கள். வாசிக்க ஆவலாக இருக்கிறேன்.

ஜசிந்தா


ஊர்காவற்றுறை
15.06.1989

ஜசிந்தா,

எமிலைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

உன் பொதி பெருநாளுக்கு முதல்நாள் பின்னேரம்தான் வந்தது. நீ எழுதியதைச் சத்தமாக வாசித்தேன். "ஓம், ஓம்" என்றார்கள். ஊரடங்கு நேரம் கிட்டிவிட்டதால் வாசித்துப் பார்க்க முடியவில்லை. பழைய பாட்டுத்தானே, பிழைக்காது என்று கலைந்து போனோம்.

குருசடி வரைக்கும் நன்றாகத்தான் வந்தது. சனம் நிறைய. கூட்டை இறக்கினார்கள், பாண்ட் நின்றது, மேளம் தட்டியது, சுவாமி செபத்தைத் தொடங்கி வாய் மூடவில்லை, எமிலின் கோர்னெற் நெஞ்சைப் பிளக்கிற மாதிரிக் கத்தியது. அவன் பின்னால் முழுப் பாண்டும். சென்றியில் நின்றவன் வானத்துக்குச் சுட்டான். சனம் விழுந்தடித்து ஓடியது. மரியநாயகிக்கு முழங்கால் உரிந்துவிட்டது. சுரூபம் சரிந்ததைக் கதிர்காமுவின் மகன் தோளைக் கொடுத்துப் பிடித்தான், அவன் சைவக்காரப் பொடியன்.

மற்றவர்களை விசாரித்து விட்டுவிட்டார்கள். முதலில் ஊதியவன் எமில் என்பதால் அவனை வைத்திருக்கிறார்கள். மேஜர் என்னிடம், "சத்தம் வராது என்று நீர் சொன்ன இடத்தில்தான் சத்தம் வந்தது. யாருக்குக் கொடுத்த சைகை?" என்று கேட்டார். நானே அல்லவோ இடத்தைக் காட்டிக்கொடுத்தவன்.

பெரிய குழல் வாசிக்கிற சூசைதாசனைப் பிடித்து உலுப்பினேன். "ஏன்ரா ஊதினீங்கள்? எண்ணச் சொன்னது கேக்கேல்லையோ?"

"நாங்கள் எந்தக் காலத்தில எண்ணினனாங்கள், அண்ணை? சும்மா நிக்கிற இடத்தில முன்னால நிக்கிறவன்ர முதுகில விரலை வைச்சு, கட்டம் கட்டமாத் தடவிக்கொண்டு போவம். மாஸ்ரர் தன்ர தாளில ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழயும் செபத்தின்ர சொல்லை எழுதி வைச்சவர். சுவாமி சொல்லச் சொல்ல விரல் போகும். செபம் முடியிற இடத்தில கட்டமும் முடியும். இந்தத் தாளில ஒரு கட்டந்தான் கிடந்தது. விரல் அதைத் தாண்டிச்சுது, ஊதினம்."

விளங்குகிறதோ? உன் தாளில் ஒரு கட்டம்தான் கிடந்தது. உன் இயந்திரம் அமுக்கிய பதினைந்து கட்டத்துக்குள் என் பிள்ளை உள்ளே இருக்கிறான்.

கடை திறக்கவில்லை. காலையில் காம்ப் வாசலுக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன், பிறகும் போகிறேன். இருக்கவும் ஏலாது, படுக்கவும் ஏலாது.

மனுவேற்பிள்ளை


லண்டன்
05.07.1989

அண்ணை,

இதைத் தபாலில் போடவில்லை. கொழும்புக்குப் பறக்கிற ஓர் அம்மாவிடம் கொடுத்து, அங்கிருந்து கை மாறி உங்களிடம் வர ஒழுங்கு செய்திருக்கிறேன்.

உங்கள் ஏப்ரல் கடிதம் என் மேசையில் கிடக்கிறது. "அமுக்கிப் போடு, வெறும் காற்றுக்கு ஏன் முத்திரை." உங்கள் கையெழுத்து. அதை உங்களுக்கே திருப்பி அனுப்பப் போனேன். இராசநாயகம் என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார். "உன்ர அண்ணைக்கு இப்ப கணக்குத் தீர்க்கிற நேரமோ? பொடியனுக்கு என்ன வழி எண்டு பார்" என்றார். ஆனபடியால் வழியை எழுதுகிறேன்.

மேஜர் நீங்கள் சொன்னதை நம்பமாட்டார். தாளை நம்பக்கூடும். பெரிய பட்டாளங்களில் பாண்ட் இல்லாமல் இராது. அவர்களுடைய பாண்ட்காரர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சுரம் வாசிக்கத் தெரிந்தவனுக்குத் தமிழ் தெரியத் தேவையில்லை. போனமுறை அனுப்பிய தாள், இதனுடன் வருகிற புதுத் தாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அந்த இடம் ஓய்வு என்று இரண்டிலும் இருக்கிறது. எமில் அதை மதிக்காமல் ஊதவில்லை, ஓய்வு முடிந்தது என்று நினைத்து ஊதினான்.

புதுத் தாள்களில் அமுக்குகிற கட்டளையை எடுத்துவிட்டேன். பதினாறு கட்டமும் திறந்திருக்கின்றன. வரிக்கு நாலு கட்டம் என்று பூட்டினேன், நாலு வரி வந்தது. ஆனால் வெறுங் கட்டம் என்றால் இந்த இயந்திரத்துக்கு மதிப்பில்லை. சுரம் உள்ள கட்டத்துக்கு இடத்தைக் கொடுத்துவிட்டு வெறுமையானதை ஒல்லியாக்கி விடுகிறது. விரல் வைக்க இடம் வேண்டுமே. ஒவ்வொன்றாக எலியால் பிடித்து இழுத்தேன். எவ்வளவு அகலம் என்று எனக்குத் தெரியவில்லை. இராசநாயகத்தின் விரலைத் தாளில் வைத்து அளந்தேன். மற்ற வரிகளை நெருக்கி, ஒரு முதுகுக்கு ஒரு தாளாகவே அடக்கியிருக்கிறேன்.

இந்த இயந்திரத்துக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. கட்டத்துக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். மச்சாளைக் கொண்டு செபத்தின் சொற்களை எழுதுவியுங்கள். அவவின் எழுத்து வடிவானது.

இரவில் எழும்பிப் போய்ச் சன்னலடியில் நிற்கிறேன். எதைப் பார்க்கிறேன் என்று தெரியாது. எப்படியாவது ஒரு சொல் அனுப்புங்கள்.

ஜசிந்தா


ஊர்காவற்றுறை
02.08.1989

என் தங்கச்சி,

முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்கிறேன். எமில் வீட்டில் இருக்கிறான். இப்போது கிணற்றடியில் குளிக்கிறான், வாளி சத்தம் கேட்கிறது. மெலிந்து போனான், மீசையும் வழித்துவிட்டார்கள். மற்றப்படி முழுசாக வந்திருக்கிறான்.

நீ சொன்னபடியே செய்தேன். மேஜர் முதலில் தாளைத் தள்ளிவிட்டார். "ஐயா, நான் வியாபாரி. சாமானைப் பார்க்காமல் நீங்கள் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. உங்கள் பாண்ட்காரர் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் நான் வாசலுக்கு வருவதை விட்டுவிடுகிறேன்" என்றேன். நான் வருவதில் அவருக்கும் களைப்பு வந்திருக்க வேண்டும். பலாலிக் காம்பில் இருந்து ஒருவரைக் கூப்பிட்டார். நரைத்த மீசைக்காரர். இரண்டு தாளையும் பார்த்தார். பழைய தாளில் தடித்த கோட்டில் விரலை வைத்தார், புதுத் தாளில் ஒவ்வொரு கட்டமாக விரலை நடத்திக்கொண்டு போனார், பிறகு மேஜரிடம் தங்கள் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்தார். மேஜர் சிரிக்கவில்லை. "சரி. நாளைக் காலை அதே வழியால் அதே பாண்ட் வரட்டும். குருசடியில் உங்கள் தாள் சொல்வதைச் செய்து காட்டுங்கள். உம்முடைய மகனை நான் கொண்டு வருகிறேன்" என்றார்.

பாண்டுக்காரரைச் சேர்க்க நான் பட்ட பாடு! "போனமுறை சத்தத்துக்குச் சுட்டவன், இந்தமுறை சும்மா நிண்டதுக்கும் சுட்டானெண்டால்?" என்று சூசைதாசன் கேட்டான். நியாயமான கேள்வி. "நானும் வாறன், வா" என்று மட்டும் சொன்னேன். இரவு மரியநாயகி விளக்கடியில் இருந்து எல்லாத் தாளிலும் செபத்தை எழுதினாள். எமிலுக்கு முன்னால் நடக்கிற கிளாரினெற்காரன் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போய்விட்டான். எமிலின் தாளைக் குத்த ஒரு முதுகு இல்லை.

ஆனபடியால் நான் நின்றேன். கையில் ஒன்றும் இல்லாமல், கிளாரினெற்காரனின் இடத்தில், உன் தாளை முதுகில் சுமந்துகொண்டு.

காம்ப் வாசலில் எமிலைக் கொண்டுவந்து எனக்குப் பின்னால் விட்டார்கள். திரும்பிப் பார்க்கவேண்டாம் என்று உத்தரவு. கோர்னெற்றைக் கொடுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. நடந்தோம். அவன் உதடு வெடித்திருந்ததோ என்னவோ, தொடக்கத்தில் சுரம் தடக்கியது, பிறகு சரிவந்தது. குருசடியில் நின்றோம். மண்மூட்டைக்கு மேலால் துவக்கு. அதற்குப் பக்கத்தில் மேஜரும் நரைத்த மீசைக்காரரும். மேளம் தட்டத் தொடங்கியது. சுவாமி செபத்தை எடுத்தார்.

என் முதுகில் ஒரு விரல் வந்து ஊன்றியது.

ஜசிந்தா, நான் அவனைச் சின்ன வயதில் தூக்கியதுகூட நினைவில்லை. கடை, கடை என்று ஓடியவன். அந்த விரல் முதல் கட்டத்தில் நின்றது. பிறகு அடுத்ததுக்கு நகர்ந்தது. ஒரு வரி முடிந்தால் தோள்பட்டைக்குத் திரும்பி அடுத்த வரியில் ஊன்றும். ஒரு கட்டத்தையும் தாண்டவில்லை. தாளம் எண்ணத் தெரியாத எனக்கும் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது. நீ சொன்ன கடல் சத்தம் கேட்டது. இந்தக் கடல்துறையில் இவ்வளவு காலம் வியாபாரம் செய்கிறேன், அதைக் கேட்டது அன்றுதான். கடைசி வரியில் கடைசிக் கட்டத்தில் விரல் நின்று, எடுபட்டது. அவன் மூச்சு இழுப்பது என் கழுத்தில் பட்டது. பாண்ட் முழுவதும் ஒன்றாய் எழும்பியது.

யாரும் சுடவில்லை. மேஜர் கைமணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "கூட்டிக்கொண்டு போம்" என்றார். அவ்வளவுதான்.

நீ திருப்பி அனுப்பாத கடிதத்தை நான் மறக்கவில்லை. அமுக்கச் சொன்னவன் நான். அந்த நேரத்தில் அதுதான் புத்தி என்று பட்டது, இன்றைக்கும் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேனோ தெரியாது. ஆனால் உன்னைக் குற்றம் சொல்லி எழுதினதை நீ கிழித்துப் போடலாம்.

மச்சான் இராசநாயகத்திடம் சொல்லு, கட்டம் எமிலின் விரலுக்குக் கொஞ்சம் அகலம் கூடிவிட்டது. மனிசனுக்கு வேலணைத் தோட்டக்கார விரல்போல. குறைந்ததைவிடக் கூடினது நல்லது.

ஒரு காரியம் கேட்க வேண்டும். மார்ச்சில் நான் "ஐந்து வருஷம்" என்று எழுதினேன், நீயும் "ஐந்து வருஷம்" என்று எழுதினாய். இரண்டு பேரும் ஒரு தடித்த கோட்டைப் போட்டு மேலே இலக்கத்தை வைத்துவிட்டு அப்பால் போய்விட்டோம். அதைத் திறந்து எழுது. முதல் குளிரில் எந்த வீட்டில் இருந்தாய், உடுக்க என்ன இருந்தது, மச்சான் எந்த வேலைக்குப் போனார், சுகமில்லாமல் கிடந்தால் யார் பார்த்தது. பிறகு இரண்டாம் வருஷம். ஒன்றும் நடக்காத வருஷம் என்றாலும் ஒன்றும் நடக்கவில்லை என்று எழுது. நானும் இங்கே நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தாள் எத்தனை வந்தாலும் வரட்டும். கனம் பார்க்காதே.

அண்ணை